லூஸில் விற்கும் டாக் ஃபூட்: நல்லதா கெட்டதா என்று எப்படிப் பார்ப்பது? உதவி தேவை

செம்பனைக்காடு:

வணக்கம். நான் மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து வீட்டில் இருக்கிறேன். வீட்டில் இரண்டு நாய். தாய் பெயர் கருப்பி, மூன்று வயது, 18 கிலோ, கம்போங் நாய், அதாவது நாட்டு நாய்தான். அவள் குட்டிக்கு நாலு மாதம். இரண்டுக்குமே டவுன் கடையில் லூஸாக நிறுத்துத் தரும் டாக் ஃபூட்தான் போடுகிறேன், கிலோ 6 வெள்ளி (ரிங்கிட்). பெரிய சாக்கிலிருந்து அள்ளி, பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுத் தருவார்கள். பையில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை.

கொஞ்ச நாளாகக் கருப்பிக்கு முடி மங்கிப்போய்க் கொட்டுகிறது. சொரிந்துகொண்டே இருக்கிறாள். மலம் நிறையப் போகிறது, அதுவும் இளக்கமாக. குட்டி நன்றாகத்தான் சாப்பிடுகிறது, ஆனால் வயிறு மட்டும் உப்பி, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது.

அதே கடையில் 10 கிலோ பை 85 வெள்ளிக்கு ஒன்று, 130 வெள்ளிக்கு ஒன்று இருக்கிறது. 130 வெள்ளிப் பையில் "தானியம் இல்லை, முதல் பொருள் உண்மையான கோழி" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எதைப் பார்த்து முடிவு செய்வது? சோளம் சேர்த்தால் கெடுதல் என்கிறார்களே, உண்மையா?

பேராக்காரன்:

எங்கள் லயத்தில் முன்பெல்லாம் நாய்க்குச் சோறும் மீன் குழம்பும்தான். நன்றாகத்தான் இருந்தன. எதற்கு இவ்வளவு யோசனை?

கிளினிக்கில் வேலை பார்த்தவள்:

அண்ணே, அந்த நாய்கள் சோற்றை மட்டும் நம்பி இருக்கவில்லை. எலி, கோழிக்குடல், காட்டில் கிடைத்தது எல்லாம் தின்றன. கட்டிப்போட்டு வளர்க்கும் நாய்க்கு நாம் போடுவது மட்டும்தான் சாப்பாடு. குழம்பில் வெங்காயம் வேறு இருக்கும், அது நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

செம்பனைக்காடு தம்பிக்கு: தீனியை மாற்றும் முன் இரண்டு வேலை இருக்கிறது. கருப்பியின் காது மடிப்பு, கழுத்துப் பட்டைக்கு அடியில், கால் விரல் இடுக்கு எல்லாவற்றையும் விரித்துப் பாருங்கள். தோட்டத்து நாய்க்குச் சொரிச்சல் என்றால் முதல் சந்தேகம் உண்ணி, தெள்ளு, சொறிப்பூச்சி மேல்தான். சாப்பாட்டு அலர்ஜி அதற்கப்புறம். குட்டிக்கு வயிறு உப்பி முதுகு மெலிந்திருந்தால் பெரும்பாலும் குடற்புழு. பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்? ஆறு மாதம் ஆகும்வரை மாதம் ஒருமுறை கொடுப்பதுதான் வழக்கம். வயிற்றில் புழுவை வைத்துக்கொண்டு 130 வெள்ளித் தீனி போட்டாலும் அது உடம்பில் ஒட்டாது.

தீனி விஷயத்துக்கு, கடைக்குப் போய்த் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) அந்தப் பெரிய சாக்கையே காட்டச் சொல்லுங்கள். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் எல்லாவற்றையும் படம் எடுங்கள். மற்ற இரண்டு பைகளிலும் அப்படியே. முன்பக்கம் வேண்டாம், அது விளம்பரம்.

செம்பனைக்காடு:

நன்றி அக்கா. கருப்பி காதில் உண்ணி இருந்தது, நிறையவே. குட்டிக்குப் பூச்சி மருந்து இதுவரை ஒருமுறைதான் கொடுத்திருக்கிறோம்.

கடையில் பார்த்தது இது.

லூஸ் சாக்கு: மக்காச்சோளம், கோதுமைத் தவிடு, இறைச்சி எலும்பு மாவு, சோயா, சோளக் குளூட்டன் (சோளத்தின் புரோட்டீன்), கோழிக்கொழுப்பு, உப்பு, நிறமூட்டி. புரோட்டீன் 18, கொழுப்பு 8, நார் 5, சாம்பல் 10, ஈரம் 12 சதவீதம். "வளர்ந்த நாய்களுக்கு" என்று போட்டிருக்கிறது. தேதி அச்சடித்த மேல் ஓரத்தை வெட்டித்தான் சாக்கைத் திறந்திருக்கிறார்கள்.

85 வெள்ளிப் பை: கோழி மாவு, அரிசி, மக்காச்சோளம், கோழிக்கொழுப்பு, பீட் சக்கை, மீன் எண்ணெய், அப்புறம் விட்டமின் வரிசை. புரோட்டீன் 26, கொழுப்பு 14, நார் 3, சாம்பல் 8, ஈரம் 10. "எல்லா வயதுக்கும் முழுமையான, சமச்சீரான உணவு, ஆஃப்கோ அளவுப்படி" என்று எழுதியிருக்கிறது.

130 வெள்ளிப் பை: புதுக் கோழி, பட்டாணி, பட்டாணி மாவு, பட்டாணிப் புரோட்டீன், பருப்பு, உருளைக்கிழங்கு. புரோட்டீன் 27, கொழுப்பு 14.

சாம்பல் என்று ஏன் போடுகிறார்கள்? சாம்பலைக் கலக்கிறார்களா?

கிளினிக்கில் வேலை பார்த்தவள்:

கலப்பதில்லை தம்பி. தீனியை முழுக்க எரித்தால் மிஞ்சும் தாது உப்புதான் அந்தக் கணக்கு. 10 என்றால் எலும்பு தாராளமாக அரைபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது லூஸ் சாக்கு. புரோட்டீன் 18, ஈரம் 12. ஈரத்தைத் தள்ளிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்: 18-ஐ 88-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 20.5. ஆஃப்கோ என்பது அமெரிக்கத் தீவன அதிகாரிகளின் சங்கம். அவர்கள் வகுத்த அளவில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18, வளரும் குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் 22.5. கருப்பிக்கு எண்ணளவில் தேறுகிறது, குட்டிக்குத் தேறவில்லை. சாக்கிலேயே "வளர்ந்த நாய்களுக்கு" என்று இருந்தது. லூஸாகக் கட்டித் தரும்போது அந்த வரி உங்கள் கைக்கு வரவே இல்லை. எனக்கு இதுதான் பெரிய கோபம்.

இன்னொன்று. ஆஃப்கோ எந்தப் பையையும் சோதித்து முத்திரை குத்துவதில்லை. அளவு வகுப்பதோடு சரி. "ஆஃப்கோ அங்கீகாரம் பெற்றது" என்று எங்காவது பார்த்தால் நம்பாதீர்கள். "அளவுப்படி" என்று எழுதி, எந்த வயதுக்கு என்றும் சொல்லியிருந்தால் அது பயனுள்ள வரி.

புரோட்டீன் எண்ணை மட்டும் வைத்துத் தரத்தைச் சொல்லிவிடவும் முடியாது. ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கி எழுதுவதுதான் அந்த எண். 2007-இல் சீனாவிலிருந்து போன கோதுமைக் குளூட்டனில் மெலமைன் என்ற நைட்ரஜன் நிறைந்த ரசாயனத்தைக் கலந்து, புரோட்டீன் அதிகம்போலக் காட்டினார்கள். வட அமெரிக்காவில் நாய் பூனைகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. அதனால் எண்ணோடு அது எதிலிருந்து வருகிறது என்பதையும் பார்க்கணும். "கோழி மாவு" என்றால் எந்தப் பிராணி என்று தெரிகிறது. "இறைச்சி எலும்பு மாவு" என்றால் எந்தப் பிராணி என்றே தெரியாது, இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் வேறொன்றாக இருக்கலாம். ஈரல், நுரையீரல் போன்ற உள்ளுறுப்புகளைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம், நாய்க்கு அவை நல்ல சாப்பாடு.

பேராக்காரன்:

130 வெள்ளிப் பையில் கோழிதானே முதலில் இருக்கிறது? அப்போது அதுதானே நல்லது?

கிளினிக்கில் வேலை பார்த்தவள்:

எல்லோரும் அங்கேதான் ஏமாறுகிறார்கள் அண்ணே. பட்டியலை எடைப்படி இறங்கு வரிசையில் எழுதுகிறார்கள், ஆனால் அது சமைப்பதற்கு முந்தைய எடை. புதுக் கோழியில் பத்தில் ஏழு பங்கு தண்ணீர். தீனியாகக் காய்ந்த பிறகு அந்தக் கோழி சுண்டிப்போகும். கோழி மாவில் தண்ணீர் முன்பே போய்விட்டது, அதனால் எழுதியது எழுதியபடி நிற்கும்.

அப்புறம் பட்டாணி, பட்டாணி மாவு, பட்டாணிப் புரோட்டீன் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்றாகக் கூட்டினால் கோழியைத் தாண்டி முதலிடத்துக்கு வந்துவிடலாம். 27 சதவீதத்தில் கணிசமான பங்கு பட்டாணியில் இருந்து வருகிறது என்றுதான் நான் படிக்கிறேன்.

சோளம் கெடுதல் என்பதும் சரியில்லை. நாய் மனிதனோடு வாழ்ந்து வாழ்ந்து மாவுச்சத்தைச் செரிக்கப் பழகிய பிராணி. ஓநாயைவிட நாய்க்கு அதற்கான மரபணுப் பிரதிகள் அதிகம் என்று 2013-இல் ஆய்வில் காட்டினார்கள். வெந்த அரிசியும் சோளமும் செரிக்கும். சோளம், தவிடு, குளூட்டன் என்றே பை நிறைந்திருந்தால்தான் பிரச்சினை. தானியமில்லாத தீனி பற்றி அமெரிக்க உணவு, மருந்துத் துறையான எஃப்.டி.ஏ. 2018-இல் விசாரணை தொடங்கியது. பட்டாணி, பருப்பு அதிகமுள்ள தீனி சாப்பிட்ட நாய்களில் இதயத்தசை நோய் வந்ததாகப் புகார்கள். காரணம் இதுதான் என்று உறுதியாகவில்லை. தானிய அலர்ஜி என்று டாக்டர் சொல்லாத நாய்க்கு 45 வெள்ளி கூடக் கொடுத்து அதை வாங்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

சாக்குக்கடை:

நானும் முன்பு பலசரக்குக் கடை வைத்திருந்தவன், அதனால் லூஸ் பற்றிச் சொல்கிறேன். நம் ஊர்க் காற்றில் திறந்த சாக்கு சீக்கிரம் கெடும். தீனியின் மேல் பூசிய கொழுப்பு காற்றுப்பட்டுக் காறிப்போகும். கையில் நாலு உருண்டையை நசுக்கி முகர்ந்து பாருங்கள்: பழைய முறுக்கு எண்ணெய் வாசம் அடித்தால் வாங்காதீர்கள். பூஞ்சை இதைவிட மோசம். சோளத்தில் பிடிக்கும் அஃப்ளடாக்சின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வேகவைத்தாலும் முழுதாகப் போகாது, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாமலும் இருக்கும். பெயர் தெரிந்த பை என்றால், ஏதாவது நடந்தால் தொகுதி எண்ணை வைத்துத் திரும்பப் பெறச் சொல்வார்கள். பிளாஸ்டிக் முடிச்சில் வாங்கியவனுக்கு அந்தச் செய்தி வந்து சேராது.

பையைத் திறந்தால் அந்தப் பையோடேயே மூடியுள்ள தகர டின்னில் இறக்கி, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். டின்னில் கொட்டி நிரப்பினால் பழைய கொழுப்பு ஓரத்தில் ஒட்டி, புதுசையும் கெடுக்கும். மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதத்துக்குள் முடியும் அளவு வாங்கினால் போதும்.

செம்பனைக்காடு:

85 வெள்ளிப் பைதான் என்று தோன்றுகிறது. ஆனால் கிலோ 6 எங்கே, 8.50 எங்கே. அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கிளினிக்கில் வேலை பார்த்தவள்:

கிலோ விலையைப் பார்க்காதீர்கள், ஒரு நாள் செலவைப் பாருங்கள். லூஸ் சாக்கில் உள்ள எண்களை வைத்துக் கணக்குப் போட்டால் 100 கிராமுக்கு ஏறக்குறைய 295 கலோரி. 85 வெள்ளிப் பையில் 345. கருப்பி மாதிரி 18 கிலோ நாய்க்கு நாளைக்குச் சுமார் 980 கலோரி வேண்டும். அதற்கு லூஸ் 330 கிராம், இது 280 கிராம். அதாவது 1.98 வெள்ளியும் 2.38 வெள்ளியும். நாளைக்கு 40 காசு, மாதத்துக்கு 12 வெள்ளி. மலமும் குறையும், அம்மாவுக்கு வாசல் கூட்டும் வேலையும் குறையும். அதைச் சொல்லிப் பாருங்கள்.

மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாதீர்கள், ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதிதைக் கூட்டுங்கள். குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்துப் பொடி எதுவும் மேலே தூவ வேண்டாம். சமச்சீர் தீனியில் அது அளவாகவே இருக்கிறது, கூடினால் எலும்புதான் கோணும்.

செம்பனைக்காடு:

சரி அக்கா, 12 வெள்ளி என்றால் அம்மாவிடம் பேசலாம். உண்ணிக்கு மருந்தும் வாங்கிவிட்டேன், பிடரியில் ஊற்றுவது.

கிளினிக்கில் வேலை பார்த்தவள்:

மருந்துப் பெட்டியில் எந்த எடைக்கு என்று பார்த்துவிட்டுப் போடுங்கள், கருப்பியின் அளவைக் குட்டிக்கு ஊற்றிவிடாதீர்கள். அப்புறம், இன்றைக்கே கருப்பியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிறியோ மஞ்சளாகவோ இருந்தாலும், சாப்பாட்டை மறுத்தாலும், மூக்கில் ரத்தம் வந்தாலும் தீனி மாறட்டும் என்று காத்திருக்காமல் ஈப்போவுக்குக் கொண்டு போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அவ்வளவு உண்ணி இருந்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்திருக்கலாம்.