பிவா ஏரியில் புளூகில்: காலடியில் தேடுங்கள்

குசாட்சுவிலிருந்து:

ஜப்பானுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. வீட்டிலிருந்து சைக்கிளில் இருபது நிமிடம் மிதித்தால் பிவா ஏரி. 670 சதுர கிலோமீட்டர், ஜப்பானின் மிகப் பெரிய ஏரி, வடபக்கத்தில் ஆழம் நூறு மீட்டரைத் தாண்டும். இவ்வளவு தண்ணீரில் புளூகில் என்ற, அமெரிக்காவிலிருந்து வந்த உள்ளங்கை அகல மீனை எங்கே போய்த் தேடுவது? முதல் வருடம் முழுக்கத் திறந்த கரையில் நின்று, கை வலிக்க வலிக்கத் தூரமாக வீசிக்கொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு இரண்டு மீன் கிடைத்தால் அதிகம்.

அப்புறம் ஒரு நாள் சின்ன மீன்பிடித் துறைமுகம் ஒன்றில் ஒரு தாத்தாவைப் பார்த்தேன். ரீல் கிடையாது, நீளமான ஒற்றைக் கோல், அதன் நுனியில் நரம்பு, கடுகளவு ஈயம், ஒரு தக்கை, அவ்வளவுதான். அவர் வீசவே இல்லை. படகு கட்டும் சுவரை ஒட்டித் தன் காலடியிலேயே இறக்கினார், தக்கை நிமிர்ந்து நிற்பதற்குள் உள்ளே போனது. என்னைப் பார்த்து, தூரத்தைக் காட்டிக் கையை ஆட்டிவிட்டுத் தரையைச் சுட்டினார். அதற்கு மேல் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

புளூகில் நிழலுக்கும் மறைவுக்கும் வரும் மீன். படகுத்துறைத் தூண், கட்டிக் கிடக்கும் படகின் அடிப்பக்கம், நாணல் விளிம்பு, நீர்ப்பாசி அடர்ந்து திடீரென்று முடியும் இடம், இவற்றை ஒட்டித் தேடினால் போதும். ஏரியின் தென்பக்கம் சராசரியாக நாலு மீட்டர் ஆழம்தான், கோடையில் பாசி மண்டிவிடும், அந்தப் பாசியில் இருக்கும் சந்துகள் ஒவ்வொன்றிலும் இறக்கிப் பார்ப்பேன். பத்து நிமிடத்தில் கடி இல்லையென்றால் அடுத்த தூணுக்கு நகர்ந்துவிட வேண்டும். ஒன்று இருக்கும் இடத்தில் கூட்டமாக இருக்கும், இல்லாத இடத்தில் நாள் முழுக்க நின்றாலும் இல்லை.

வாய் ரொம்பச் சின்னது. தூண்டில் முள் பெரிதாக இருந்தால் புழுவைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் போய்விடும், நமக்குத் தக்கை ஆடுவது மட்டும் தெரியும். மண்புழுவை முழுசாகக் கோர்க்காமல் அரை அங்குலம் கிள்ளிக் கோருங்கள். மாட்டியதும் தட்டுப் போன்ற உடம்பைக் குறுக்கே திருப்பி வட்டமடிக்கும் பாருங்கள், பதினைந்து சென்டிமீட்டர் மீனா இவ்வளவு இழுக்கிறது என்று தோன்றும். கையில் எடுக்கும்போது தலைப்பக்கத்திலிருந்து தடவி முதுகு முள்ளை மடக்கிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் குத்திவிடும்.

ஜூன், ஜூலையில் கரையோரம் முழங்கால் ஆழத்தில் கூடு கட்டும். ஆண் மீன் வாலால் அடித்துத் தரையில் வட்டமாகக் குழி பறிக்கும், பக்கத்திலேயே இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று என்று தட்டுகளைப் பரப்பி வைத்த மாதிரி இருக்கும். எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் வற்றும்போது ஜிலேபிக் கெண்டையின் குழிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான், அதனால் அதை முதலில் பார்த்தபோது சட்டென்று ஊர் நினைவு வந்துவிட்டது. அந்த ஆண் மீன் குழியை விட்டு நகராது. மார்பில் ஆரஞ்சு நிறமும் செவுளில் கருப்புப் பொட்டும் நீல விளிம்புமாக அவ்வளவு அழகு.

ஆனால் இங்கே அதைத் திரும்ப விடக்கூடாது. நான் வந்த புதிதில் ஒன்றை விட்டுவிட்டேன், பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் ஓடி வந்து, கோபப்படாமல், கரையில் இருந்த பெட்டியைக் காட்டினார். இந்த ஏரி இருக்கும் ஷிகா மாகாணத்தில் 2003 முதல், பிடித்த புளூகில்லையும் பிளாக் பாஸ் என்ற இன்னொரு வெளிநாட்டு மீனையும் ஏரியில் மறுபடி விடத் தடை. போடுவதற்கென்றே கரையில் பல இடங்களில் பெட்டி வைத்திருக்கிறார்கள். 2005-இல் வந்த நாட்டுச் சட்டப்படி உயிரோடு எடுத்துப் போவதும் குற்றம்.

புளூகில் இங்கே வந்த கதை மனசை என்னவோ செய்கிறது. 1960-இல் அப்போதைய பட்டத்து இளவரசர் அகிஹிட்டோ அமெரிக்கா போனபோது சிகாகோ மேயர் பரிசாகக் கொடுத்தது. சாப்பாட்டு மீனாக வளர்க்கலாம் என்று இளவரசர் அதை ஆய்வுக்குக் கொடுத்தார், அங்கிருந்து எங்கெங்கோ பரவிவிட்டது. அவரே உளுவை மீன்களை ஆராய்ந்தவர். 2007-இல் பேரரசராக இதே ஏரிக்கரை ஓட்சுவுக்கு வந்து, தன் மனம் வருந்துகிறது என்று எல்லோர் முன்னும் சொன்னார். நாணலில் முட்டையிடும் நிகோரோபுனா என்ற மீனை உப்பிட்டு, சோற்றில் மாதக்கணக்கில் புளிக்க வைத்து ஃபுனாசூஷி செய்வது இந்த ஊர்ப் பழக்கம், அந்த முட்டையையும் குஞ்சையும் புளூகில் தின்றுவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் கூடுகளைத் தேடித்தான் போகிறேன். காவல் நிற்கும் ஆணை எடுத்துவிட்டால் அந்தக் குழி முட்டைகள் பிழைப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.

மிச்சிகனிலிருந்து:

அண்ணா, படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். நான் செயின்ட் கிளேர் ஏரியில் பிடிக்கிறேன், இதே மீன் இங்கே சொந்த ஊர்க்காரன். புளூகில் உட்பட சூரிய மீன் வகை எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 என்று வரம்பு இருக்கிறது. நான் பத்தோடு நிறுத்திவிடுவேன். கூட்டில் இருக்கும் பெரிய ஆணை எடுக்கவே மாட்டேன், அதை எடுத்தால் அடுத்தடுத்த வருடங்களில் மீன் சிறுத்துப் போகும் என்று இங்கே பழகியவர்கள் சொல்வார்கள். ஒரே மீன், உங்களுக்கு எடு, எனக்கு விடு.

தேடுவதில் நீங்கள் சொன்னது இங்கேயும் அப்படியே. பனி உருகியதும் ஏரியின் நடுவில் போய்ப் பிரயோஜனம் இல்லை, படகுத்துறைகளும் வீடுகளுக்கு நடுவே வெட்டிய கால்வாய்களும்தான் முதலில் சூடாகும், மீன் அங்கே வந்துவிடும். மத்தியானத்துக்கு மேல் போனால் இன்னும் நல்லது. குளிர்காலத்தில் அதே கால்வாய்ப் பனியில் துளை போட்டு, ஒரு முழக் கோலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். குளிரில் கடி அவ்வளவு மெதுவாக இருக்கும், தக்கை கீழே போகாது, சில சமயம் லேசாக மேலே எழும், அப்போதே சுண்ட வேண்டும்.

ஓட்சுவிலிருந்து:

தம்பி, பெட்டியில் ஏன் போடுகிறீர்கள், சமைக்கலாமே? நான் அங்கேயே தலையைத் தட்டி ஐஸில் போட்டுக் கொண்டு வந்துவிடுவேன். பாசி வாடை தோலில்தான் இருக்கிறது, தோலை உரித்துவிட்டால் சதை வெள்ளை வெளேரென்று இனிப்பாக இருக்கும். மஞ்சள், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு, எலுமிச்சை பிழிந்து அரை மணி நேரம் ஊறவைத்துப் பொரியுங்கள். நடுமுள்ளை எடுத்துவிட்டால் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். கையகலத்துக்குக் குறைந்ததை மட்டும் பெட்டியில் போடுங்கள்.

குசாட்சுவிலிருந்து:

அக்கா, தோலை உரிப்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு தடவை தோலோடு குழம்பு வைத்து, வாடை தாங்காமல் விட்டதுதான். இந்த ஞாயிறு காலை ஆறு மணிக்குத் துறைமுகத்துக்குப் போகிறேன், இந்தத் தடவை ஐஸ் பெட்டியோடு. மிச்சிகன் தம்பி, தக்கை மேலே எழும் கடியை நானும் டிசம்பரில் பார்த்திருக்கிறேன், காற்று என்று நினைத்து விட்டுவிட்டேன். இனி சுண்டிப் பார்க்கிறேன்.