யாரும் வந்து கேட்டதில்லை

சான் அன்டோனியோவிலிருந்து:

டெக்சாஸில் அடுத்தவர் நிரப்பிய வாக்காளர் பதிவுப் படிவத்தை வாங்கிச் சேர்ப்பதற்கே கவுன்ட்டியின், அதாவது மாவட்ட நிர்வாகத்தின், நியமனம் வேண்டும். குடியுரிமை கிடைத்த கையோடு அதையும் வாங்கினேன். 2018இல் ஒரு சனிக்கிழமை சந்தை வாசலில் மேஜை போட்டிருந்தேன். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி வந்து பெயரை எழுதினாள். முகவரிக் கட்டம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "இதில் அப்பாவைப் பற்றியும் எழுத வேண்டுமா?" அவள் பிறந்தது இங்கேதான். அப்பா மெக்சிகோவிலிருந்து வந்தவர், குடியேற்றக் காகிதம் இல்லாதவர்.

படிவத்தில் பெற்றோரைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. ஆனால் "முகவரி அரசாங்கத்துக்குப் போகும்தானே?" என்று அவள் கேட்டபோது, போகாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டில் பேசிவிட்டு வா என்றேன். அடுத்த வாரம் அப்பாவுடனேயே வந்தாள். அவர் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். மகள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கிட்டே வந்து என் கையைப் பிடித்தார்.

லத்தீனோ இளைஞர்களுக்கு, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்கு, ஓட்டில் அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. என் மேஜைக்கு வந்த பிள்ளைகளில் பலர் சொன்னது, "எங்களிடம் யாரும் வந்து கேட்டதில்லை" என்பதுதான். கட்சிக்காரர்கள் பெரும்பாலும் முன்பு ஓட்டுப் போட்டவர்களின் பட்டியலை வைத்துத்தான் கதவைத் தட்டுகிறார்கள். முதல் ஓட்டுப் போட வேண்டியவன் பெயர் அதில் எப்படி இருக்கும்? 2024இல் நாடு முழுக்க வாக்களிக்கத் தகுதியுள்ள லத்தீனோக்கள் சுமார் 3.6 கோடிப் பேர். இதே ஊரில் 1974இல் வில்லி வெலாஸ்கஸ் தொடங்கிய பதிவு இயக்கம், "சு வோட்டோ எஸ் சு வோஸ்", உங்கள் ஓட்டே உங்கள் குரல், என்று வீடு வீடாகப் போனது. இன்றும் அப்படித்தான் போக வேண்டியிருக்கிறது.

அப்புறம் இந்த மாநிலச் சட்டம். வாக்குச்சாவடியில் அடையாளமாகத் துப்பாக்கி உரிமத்தைக் காட்டலாம், கல்லூரி அடையாள அட்டை செல்லாது. தேர்தலுக்கு 30 நாள் முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும்.

அரிசோனாவின் ஃபீனிக்ஸிலிருந்து:

எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிய பையனுக்கே ஓட்டு கிடையாது. 2016 அக்டோபர். பத்தொன்பது வயதிருக்கும். கைக்குழந்தையாக எல்லை தாண்டி வந்தவன். சிறுவயதில் காகிதம் இல்லாமல் வந்தவர்களை நாடு கடத்தாமல் வேலை செய்ய விட 2012இல் ஒபாமா கொண்டுவந்த டாக்கா (DACA) திட்டத்தில் வேலை அனுமதி கிடைத்திருந்தது, அவ்வளவுதான். 2010இல் அரிசோனா போட்ட சட்டம், தடுத்து நிறுத்தியவர்மேல் சந்தேகம் வந்தால் காகிதம் கேட்கும்படி போலீசுக்குச் சொன்னது. மளிகைக்கடைக்குப் போக வண்டி எடுக்கவே அம்மா பயந்தார் என்றான். "என்னால் போட முடியாது. அதனால் போட முடிந்தவர்களைத் தேடி வருகிறேன்." 24 ஆண்டு எங்கள் மாரிகோபா கவுன்ட்டியின் ஷெரிஃபாக, அதாவது தேர்ந்தெடுக்கப்பட்ட போலீஸ் தலைவராக, இருந்து காகிதம் இல்லாதவர்களைத் தேடிப் பிடித்த ஜோ அர்பயோ அந்தத் தேர்தலில்தான் தோற்றார். அவனைப் போல எத்தனையோ பிள்ளைகள் அதற்காக வெயிலில் நடந்தார்கள்.

தேர்தலன்று மதியம் மறுபடி வந்தான். என் தபால் வாக்குச்சீட்டு மேஜைமேலேயே கிடந்தது. தபாலில் போட்டால் இனி மாலை 7 மணிக்குள் சேராது, சாவடியில் நேரில் கொடுங்கள் என்றான். அவனே வாங்கிக்கொண்டு போய்ச் சேர்க்க அந்த ஆண்டு வந்த சட்டம் தடை போட்டிருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும் வரை வாசலிலேயே நின்றான்.