சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட்: 60,000 வெள்ளி காப்பீடு இருக்க, தனி பாலிசி எதுக்கு?

உட்லண்ட்ஸ்வாசி: ஒர்க் பெர்மிட் ஆளுக்கு முதலாளி எடுத்தாக வேண்டிய மருத்துவக் காப்பீடு 2023 ஜூலைக்கு முன்னாடி வருஷத்துக்கு 15,000 வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்). இப்ப குறைஞ்சது 60,000. பிரீமியமும் முதலாளி தலையில. இதுக்கு மேல ஏஜென்ட் பேச்சைக் கேட்டுத் தனி பாலிசி எடுக்கறது தண்டச் செலவு.

கணக்குப்புள்ள: முதல் 15,000 மட்டும்தான் முழுசா இன்சூரன்ஸ் கட்டும். அதுக்கு மேல கால் பங்கு முதலாளி. குடல்வால் வெடிச்சு ஐசியு வரைக்கும் போய் பில் 40,000 ஆச்சுன்னா, மிச்ச 25,000-ல 6,250 அவர் கையிலேர்ந்து போகணும். நாலு பேரை வச்சு ரெனொவேஷன் எடுக்கற கான்ட்ராக்டர் இங்கதான் முரண்டு பிடிப்பார்.

உட்லண்ட்ஸ்வாசி: பிடிக்கட்டுமே, சட்டப்படி பொறுப்பு அவருதுதானே? தொழிலாளிகிட்ட பங்கு கேக்கணும்னா ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கணும். மாசச் சம்பளத்துல 10 சதவீதம், ஆறு மாசம், அதைத் தாண்டக் கூடாது.

கணக்குப்புள்ள: சரி, ஆனா அந்த பாலிசி ஆஸ்பத்திரியில படுக்கறதுக்கும், அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பற டே சர்ஜரிக்கும் மட்டும்தான். காய்ச்சல், சுகர் மாத்திரைக்குக் கட்டுமானத் துறை, டார்மிட்டரி ஆளுங்களுக்கு பிரைமரி கேர் பிளான் இருக்கு, 5 வெள்ளியில டாக்டரைப் பார்த்துடலாம். வாடகை ரூம்ல தங்கி ரெஸ்டாரன்ட்டுல வேலை பார்க்கறவருக்கு அது கிடையாது. கிளினிக் பில்லை முதலாளிகிட்ட நீட்டவே தயங்குவார்.

எம்சி மேட்டர்: பெரிய ஓட்டையை ரெண்டு பேருமே விட்டுட்டீங்க. சைட்ல அடிபட்டா இந்த இன்சூரன்ஸே கிடையாது, அது வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம், விகா. கோளாறு கிளினிக் கவுண்டர்லயே ஆரம்பிக்குது. கூட வந்த சூப்பர்வைசர், “ரூம்ல வழுக்கிட்டேன்னு சொல்லு” என்பார். டாக்டர் அதை அப்படியே எழுதிட்டா, அப்புறம் விகாவுல நிரூபிக்கப் படாத பாடு படணும். எந்த இடம், எத்தனை மணி, என்ன வேலைன்னு டாக்டர்கிட்டயே சொல்லிடணும். விகான்னா 14 நாள் எம்.சி.க்கு (டாக்டர் எழுதித் தர்ற மருத்துவ விடுப்பு) முழுச் சம்பளம், ஆஸ்பத்திரி விடுப்புன்னா 60 நாள், அதுக்கப்புறம் ஒரு வருஷம் வரைக்கும் மூணுல ரெண்டு பங்கு. வேலையில பட்ட காயத்துக்கு லைட் டியூட்டி மட்டும் கொடுத்தாலும் முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிச்சாகணும்.

உட்லண்ட்ஸ்வாசி: அப்ப இதுலயும் தனி பாலிசிக்கு வேலை இல்ல. என் கட்சிதான் பேசறீங்க!

கணக்குப்புள்ள: பெர்மிட் கேன்சல் ஆகி ஊர் திரும்பினா கம்பெனி பாலிசி கூட வராது. ஊர்ல இருக்கற பொண்டாட்டி பிள்ளைக்கு அதுல இடமும் இல்ல. நான் சொல்றது ஊர்லயே ஃபேமிலி ஃப்ளோட்டர், அதாவது குடும்பம் முழுக்க ஒரே மருத்துவ பாலிசி, தன் பேரையும் சேர்த்து. ஏற்கெனவே இருக்கற நோய்க்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருப்பு வைக்கலாம். அந்தக் காலம் இங்க சம்பாதிக்கறப்பவே ஓடிடும்.

உட்லண்ட்ஸ்வாசி: அப்படின்னா சரி. ஆனா அதையே “சிங்கப்பூர்லயும் செல்லும்”னு சொல்லி விக்கறானுங்க பாருங்க, வெளிநாட்டு சிகிச்சைன்னு பாலிசியில எழுத்துல இருக்கான்னு பார்க்காம பணம் கட்டாதீங்க.