ஒற்றைக் காக்கடீல் முட்டையிட்டுக்கொண்டே இருக்கிறது, எப்படி நிறுத்துவது?

சாட்ஸ்வொர்த், டர்பன்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவிலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் மூன்று வயதுப் பெண் காக்கடீல் (கொண்டை உள்ள சிறு கிளி) ஒன்றே ஒன்று; ஆண் இல்லை. நவம்பரில் சோபாவுக்கு அடியில் இட ஆரம்பித்தது. ஒன்றுவிட்டு ஒருநாள் இட்டு, இப்போது ஏழு முட்டை. கூமுட்டைதானே என்று இட்டவுடனே எடுத்துவிடுகிறோம். தீனி சூரியகாந்தி கலந்த விதை மட்டும். எடை 92 கிராம். கூண்டில் கண்ணாடியும் துணிக்கூடும் இருக்கு. என்ன செய்யணும்?

டோங்காட்:
முதல்ல முட்டையை எடுக்கறதை நிறுத்துங்க. வழக்கமா நாலிலிருந்து ஆறு முட்டை வயிற்றுக்கடியில் சேர்ந்தால்தான் அது அடையில் உட்கார்ந்து இடுவதை விடும். நீங்க எடுக்க எடுக்க அது ஈடுகட்டிக்கிட்டே போகுது. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தில் ஒரு பங்கு அதோட எலும்பிலிருந்துதான் உருகி வருது.

சோபா அடியை அடைச்சிடுங்க. கூண்டுத் தரையில் ஆழமில்லாத தட்டு வச்சு, அதே அளவு பிளாஸ்டிக் முட்டை நாலைந்து போடுங்க. இனி இடுவதையும் அங்கேயே விடுங்க. கீறல் விட்டதை மட்டும் எடுத்துடணும். மூணு வாரம் அடைகாத்துட்டுத் தானா எழுந்து போகும். தட்டைப் பக்கமே பார்க்காமல் சில நாள் போனபிறகு எல்லாத்தையும் எடுங்க. துணிக்கூட்டையும் கண்ணாடியையும் இப்பவே எடுத்துடுங்க, மறுபடி வைக்கவே வேண்டாம். துணிக்கூட்டின் நூல் கால்ல சிக்கும், விழுங்கினா தீனிப்பையில் அடைக்கும்.

அடுத்தது வெளிச்சம். பூமியின் வடபாதி நாட்டுக் குறிப்புகளில் வசந்தம் மார்ச்சில் என்று இருக்கும். தென்பாதியில் இருக்கும் நமக்கு அது செப்டம்பர். டிசம்பரில் டர்பனில் பகல் 14 மணி நேரம் கிட்ட வருது, இனப்பெருக்கக் காலம்னு உடம்பு எடுத்துக்கும். சாயங்காலம் 6லிருந்து காலை 7 வரை காற்றோட்டமான, நல்லா இருட்டான அறையில் வைங்க. டிவி வெளிச்சம் விழுந்தாலும் பலன் போச்சு. தடவினால் தலையில் மட்டும். முதுகு, இறக்கைக்கு அடியில் தடவினால் உங்களையே ஜோடியா நினைச்சுக்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
ஏழு முட்டை ஆச்சுன்னா முட்டை சிக்கும் ஆபத்தைத்தான் நான் முதல்ல பார்ப்பேன். சுண்ணாம்புச்சத்து குறைஞ்சா கருக்குழாய்த் தசை சுருங்காது, முட்டை வெளியே வராது. இறகை உப்பிக்கிட்டு தரையில் உட்காருவது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, முக்குவது, எச்சம் நின்னுபோவது, கால் தளர்வது: இதில் எது தெரிஞ்சாலும் அன்றைக்கே பறவை மருத்துவர். போகும் வழியில் 30 டிகிரி சூடு, கொஞ்சம் ஈரப்பதம். மின்வெட்டு நேரத்தில் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைங்க. வயிற்றை அமுக்கவே கூடாது. உள்ளே முட்டை உடைஞ்சா உயிருக்கே ஆபத்து.

சாட்ஸ்வொர்த், டர்பன்:
ரொம்ப நன்றி. சுண்ணாம்புச்சத்துக்குத் தண்ணீரில் டானிக் கலக்கலாமா? சூரியகாந்தியை இப்பவே நிறுத்தவா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
டானிக் மருத்துவர் சொன்ன அளவில் மட்டும். தண்ணீரில் கலந்தா எவ்வளவு உள்ளே போச்சுன்னு தெரியாது. கூண்டில் கடல்நுரை (கணவாய் ஓடு) கட்டுங்க. பத்து நிமிஷம் வேகவச்ச கோழிமுட்டை ஓட்டைப் பொடிச்சும் வைக்கலாம். முருங்கைக்கீரை நல்லது. பசலை வேண்டாம், அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்பைக் கட்டிப்போட்டுடும். ஜன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயிலில் வைட்டமின் டி3 உண்டாகாது. காலையில் 20 நிமிஷம் வெளியே வைங்க, கூண்டில் பாதி நிழல் இருக்கட்டும். குரங்கு சுத்துற பகுதி, கூடவே இருங்க.

தீனியை இப்போ குறைக்காதீங்க. அடை முடிஞ்சபிறகு நாலு முதல் ஆறு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமா பெல்லட்டுக்கு (சத்துகள் கலந்து உருட்டிய தீனி) மாத்துங்க. தினமும் காலையில் சமையல் தராசில் எடை பாருங்க. 83 கிராமுக்குக் கீழே போனா மாற்றத்தை நிறுத்திட்டு மருத்துவரைப் பாருங்க.

டோங்காட்:
இவ்வளவும் செஞ்சு அடுத்த சில மாசத்துக்குள்ள மறுபடி இட்டால், முட்டையிடத் தூண்டும் ஹார்மோனை அடக்கும் லியூப்ரோலைடு ஊசி அல்லது தோலுக்கடியில் வைக்கும் டெஸ்லோரெலின் பற்றி மருத்துவரிடம் கேளுங்க. ஊசி சில வாரத்துக்கும், தோலுக்கடியில் வைப்பது சில மாசத்துக்கும்தான் தாங்கும். வெளிச்சத்தையும் கூடு தேடும் இடங்களையும் அப்படியே விட்டுட்டு ஊசி மட்டும் போட்டா, வேகம் குறைஞ்சதும் திரும்ப ஆரம்பிச்சிடும்.