சிலிண்டர் தூக்கிய பெரியப்பா

குழு: பாளை வீட்டுச் சொந்தங்கள்

வெள்ளி, காலை 8:10

மல்லிகா அக்கா: எல்லோரும் கேளுங்கள். அப்பா நேற்று கேஸ் சிலிண்டரை வாசலிலிருந்து அடுக்களை வரை தனியாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். வயது 72. தினமும் இரண்டு பி.பி. மாத்திரை. அம்மா போனில் அழாத குறை.

சுந்தரம் பெரியப்பா: முழுவதும் தூக்கவில்லை. பாதித் தூரம் உருட்டினேன்.

கதிர்: உள்ளே இருக்கும் எரிவாயு மட்டுமே 14.2 கிலோ, பெரியப்பா. இரும்பையும் சேர்த்தால் முப்பது கிலோவை நெருங்கும்.

சுந்தரம் பெரியப்பா: கணக்கு வாத்தியாருக்கே கணக்கா?

தங்கராஜ் மாமா: (பலமுறை பகிரப்பட்டது) ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒரு கிலோவுக்கு மேல் தூக்கினால் மூளை நரம்பு வெடிக்கும்!!! நடைப்பயிற்சி ஒன்றே மருந்து!!! உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்!!!

மல்லிகா அக்கா: பார்த்தீர்களா அப்பா? இனிமேல் குடம், அரிசிப் பை எதையும் தொடக் கூடாது.

ராஜாமணி அத்தை: எனக்கும் இதையேதான் சொன்னார்கள். குடம் தூக்குவதை எப்போதோ விட்டாயிற்று. இப்போது தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டியிருக்கிறது.

செல்வி: மாமா, அந்தச் செய்தியை முதலில் அழித்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே ஒரு கிலோ. அதையும் தூக்காமல் மனிதர் எப்படி வாழ்வது?
பெரியப்பா, ஒன்று கேட்கிறேன். தூக்கும்போது மூச்சை அடக்கினீர்களா?

சுந்தரம் பெரியப்பா: தம் கட்டாமல் அது எப்படி எழும்பும்?

செல்வி: அங்கேதான் வினை. 1985இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஐந்து பாடிபில்டர்களின் கைத் தமனிக்குள்ளேயே குழாய் வைத்து, கனமான எடையைத் தள்ளும்போது ரத்த அழுத்தத்தை அளந்தார்கள். இரண்டு கால்களாலும் எடையைத் தள்ளியபோது சராசரி 320க்கு 250. ஒருவருக்கு 480க்கு 350ஐயும் தாண்டிவிட்டது. இளவட்டங்கள் என்பதால் தாங்கியது. இறுகும் தசை ரத்தக் குழாய்களை நசுக்குகிறது. அதோடு மூச்சையும் அடைத்தால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, அதுவும் ரத்தத்தோடு சேர்ந்துகொள்கிறது. மூச்சை விட்டதும் சட்டென்று இறங்கும். அந்த இறக்கத்தில்தான் சிலர் கண் இருட்டி விழுகிறார்கள்.

மல்லிகா அக்கா: அப்படியானால் நான் சொன்னது சரிதானே?

செல்வி: சிலிண்டர் விஷயத்தில் நூற்றுக்கு நூறு சரி, அக்கா. அரிசிப் பை விஷயத்தில் உங்களோடு சண்டைக்கு வருவேன். முப்பது வயதுக்கு மேல் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, அறுபதுக்கு மேல் வேகமாக. தூக்காதே, குனியாதே, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிச் சொல்லியே வீட்டுப் பெரியவர்களை நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறோம். பி.பி.க்குப் பயந்து கால் பலத்தை இழந்தவர்களைத்தான் நான் தினமும் பிசியோதெரபிக்குப் பார்க்கிறேன். விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து வருகிறவர்கள்.

சுந்தரம் பெரியப்பா: நான் தினமும் வ.உ.சி. மைதானத்தில் நடக்கிறேன். எனக்கு அந்தக் கவலை இல்லை.

செல்வி: நடப்பதை விடாதீர்கள். இதயத்துக்கும் பி.பி.க்கும் அது நல்லது. ஆனால் சமதரையில் நடப்பது தொடைக்கு அவ்வளவாக வேலை கொடுப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி, 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு, அதோடு இரண்டு நாள் தசைப் பயிற்சி, மூன்று நாள் தடுமாறாமல் நிற்கும் பயிற்சி என்கிறது. நம் வீட்டில் முதல் வரியை மட்டும் படித்திருக்கிறோம்.

தங்கராஜ் மாமா: வயதானபின் தசை எங்கே வளரப்போகிறது, செல்வி? ஆடி அடங்கும் வயது.

செல்வி: 1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்து பார்த்தார்கள், மாமா. சிறிய ஆய்வுதான், பத்துப் பேர். சராசரி வயது 90. எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்ததில் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. உங்களுக்கு வயது 69.

கதிர்: மாமா அழித்துவிட்டார். "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று வருகிறது.

வெள்ளி, மாலை 6:25

ராஜாமணி அத்தை: செல்வி, என் காலில் எவ்வளவு பலம் மிச்சம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு இயந்திரம் ஏதாவது வேண்டுமா?

செல்வி: கைகள் வைக்கும் சட்டம் இல்லாத ஒரு நாற்காலி போதும், அத்தை. சுவரோடு ஒட்டிப் போடுங்கள், பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். பக்கத்தில் மாமா நிற்கட்டும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். ஆசிய மருத்துவர் குழு 2019இல் சொன்ன கணக்குப்படி 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் பலம் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். முதலில் பி.பி. பாருங்கள். 180க்கோ, கீழ் எண் 110க்கோ மேல் இருந்தால் எதுவும் செய்யாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சுந்தரம் பெரியப்பா: நான் முடித்துவிட்டேன். 9 வினாடி.

கதிர்: பெரியம்மா எனக்கு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். பெரியப்பா உட்காரவில்லை, நாற்காலி மேல் விழுகிறார்.

செல்வி: பார்த்தேன். எழுவதைவிட மெதுவாக உட்காருவதுதான் கடினம். உடம்பைக் கட்டுப்பாட்டோடு இறக்குவதும் தொடையின் வேலைதான். படியில் இறங்கும்போது காப்பாற்றுவதும் அதுவே. 9 வினாடியைக் குழுவில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் பயிற்சியாகச் செய்யும்போது நிதானமாக இறங்குங்கள்.

தங்கராஜ் மாமா: உன் அத்தை மூன்றாவது தடவையிலேயே என் தோளைப் பிடித்துவிட்டாள்.

ராஜாமணி அத்தை: முட்டி வலித்தது. அதையும் எழுதுங்கள்.

செல்வி: பரவாயில்லை, அத்தை. நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். அந்த உயரத்திலிருந்து எட்டு முறை எழ முடிந்தால், அடுத்த வாரம் ஒரு தலையணையை எடுத்துவிடலாம். எழும்போது வாய்வழியாக மூச்சை விடுங்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். சுவரில் கை ஊன்றித் தள்ளுங்கள். வாரம் இரண்டு நாள், நடுவில் ஓய்வு விட்டு.

கதிர்: அக்கா, சுவரில் முதுகைச் சாய்த்து அரைகுறையாக உட்கார்ந்த மாதிரி அசையாமல் நிற்பதுதான் பி.பி.க்கு மிகவும் நல்லது என்று படித்தேன். உண்மையா?

செல்வி: 2023இல் வந்த அலசல் அது. 270 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இப்படி அசையாமல் தசையை இறுக்கும் பயிற்சிகளுக்கு மேல் எண் சராசரியாக 8 போல இறங்கியது. நடை, ஓட்டம் போன்றவற்றுக்கு நாலரை, எடைப் பயிற்சிக்கும் ஏறக்குறைய அதே அளவு. இரண்டு நிமிடம் வீதம் நான்கு தடவை, இடையில் ஓய்வு, வாரம் மூன்று நாள் என்பதுதான் வழக்கமான முறை. ஆனால் அத்தை முட்டிக்கு அது ஆகாது. பெரியப்பா செய்யலாம். கொஞ்சமாக மடங்கினால் போதும், அரை நிமிடத்தில் தொடங்குங்கள், கண்டிப்பாகச் சத்தமாக எண்ண வேண்டும். எண்ணுகிற வாய் மூச்சை அடைக்காது.

சுந்தரம் பெரியப்பா: எண்ணுவானேன்? பதினேழாம் வாய்ப்பாடு சொல்கிறேன்.

மல்லிகா அக்கா: தெருவே கேட்கப்போகிறது.

சனி, காலை 7:50

சுந்தரம் பெரியப்பா: வெற்றிச் செய்தி. சுவர்ப் பயிற்சி முடித்து அரை மணி கழித்துப் பார்த்தேன். 118க்கு 74. இன்று முதல் மாத்திரையைப் பாதியாகக் குறைக்கிறேன்.

செல்வி: குறைக்கவே கூடாது! உடற்பயிற்சி முடிந்தபின் ரத்தக் குழாய்கள் விரிந்து, சில மணி நேரம் அழுத்தம் தாழ்ந்தே இருக்கும். அது அன்றைய தாழ்வு, உங்கள் உண்மையான பி.பி. அல்ல. காலையில், காபிக்கும் பயிற்சிக்கும் முன்னால், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வாரம் எழுதுங்கள். அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். குறைப்பதும் கூட்டுவதும் அவர் வேலை.

மல்லிகா அக்கா: அப்பா, மாத்திரை போட்டுவிட்டீர்களா?

சுந்தரம் பெரியப்பா: போட்டுவிட்டேன். கூச்சல் வேண்டாம்.

தங்கராஜ் மாமா: செல்வி, எனக்கு வேகமாக நடந்தாலும் நாடித் துடிப்பு ஏறுவதே இல்லை. கையில் கட்டியிருக்கும் கடிகாரம் "இன்னும் முயலுங்கள்" என்கிறது.

செல்வி: நீங்கள் சாப்பிடுவது மெட்டோப்ரோலால், மாமா. துடிப்பை அடக்குவதே அதன் வேலை. கடிகாரத்தை நம்பி ஓடாதீர்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும்.
அத்தைக்கு நீர் பிரியும் மாத்திரை இருக்கிறது. வெயிலில் வேண்டாம், பயிற்சி முடிந்ததும் உடனே உட்கார்ந்துவிடவும் வேண்டாம், இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக நடந்து அடங்கட்டும். தலை சுற்றினால், நெஞ்சு அடைத்தால், கை கால் மரத்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனை. வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள்.

ராஜாமணி அத்தை: எதிர் வீட்டு அக்காவுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அந்தத் திட்டத்தில் பிசியோதெரபிக்கும் வருவார்களாமே?

செல்வி: 2021இல் தொடங்கியபோதே அதுவும் திட்டத்தில் உண்டு. வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு. நீங்கள் நடமாடுகிறீர்கள், அத்தை. உங்களுக்கு நானே நாளை வருகிறேன். எல்லோரும் மாத்திரைச் சீட்டை எடுத்து வையுங்கள்.

சுந்தரம் பெரியப்பா: மதியச் சாப்பாடு இங்கேதான். மீன் வாங்கட்டுமா?

செல்வி: வாங்குங்கள், தசைக்கும் புரதம் வேண்டும். குழம்பில் உப்பைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். கருவாடு வேண்டாம்.

தங்கராஜ் மாமா: ஏற்கெனவே வாங்கியது இருக்கிறதே?

செல்வி: கதிருக்குக் கொடுங்கள்.