சமய நம்பிக்கையும் மருத்துவ மறுப்பும்: நீதிமன்ற நாடகங்கள் தேவை

நண்பர்களுக்கு வணக்கம். சமய நம்பிக்கையால் மருத்துவம் மறுக்கப்படும் வழக்குகளைச் சொல்லும் நீதிமன்ற நாடகங்கள் குறித்துக் கட்டுரை எழுதி வருகிறேன். மகளுக்கு இரத்தம் ஏற்ற மறுத்த தந்தையின் மீதான வழக்கைக் காட்டும் பிரித்தானியப் படமான 'லைஃப் ஃபார் ரூத்' (1962), இரத்தம் ஏற்றிக்கொள்வதை மறுக்கும் கிறித்தவப் பிரிவான யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்தைச் சேர்ந்த பதினேழு வயதுச் சிறுவனின் வழக்கை ஒரு பெண் நீதிபதியின் பார்வையில் விரிக்கும் 'தி சில்ட்ரன் ஆக்ட்' (2017) ஆகியவற்றைப் பார்த்திருக்கிறேன். முன்னதில் தந்தை குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். பின்னதில் எவர் மீதும் குற்றச்சாட்டு இல்லை, சிகிச்சைக்கு அனுமதி கேட்டு மருத்துவமனைதான் நீதிமன்றத்தை நாடுகிறது. எதிரி இல்லாத இந்த இரண்டாம் வகையே (எழுதுவதற்கு இதுதான் கடினம் என்பது என் எண்ணம்) எனக்கு வேண்டியது. பெற்றோரை மூடர்களாகச் சித்திரிக்காத மேடை நாடகமோ தொலைக்காட்சித் தொடரோ, எம்மொழியினதாயினும், தெரிந்தவர்கள் பெயரையும் ஆண்டையும் குறிப்பிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.