கஞ்சாச் செடியின் ரகத்தை இலையைக் கொண்டு அறிய இயலுமா?

கேள்வி (தாவரவியல் மாணவர்):
எங்கள் துறையின் உலர்தாவரத் தொகுப்பில், உத்தராகண்டின் குமாவுன் மலைப்பகுதியில் ஒரே நாளில் சேகரித்த கஞ்சாக் கிளைகளை உலர்த்தி ஒட்டிய இரண்டு தாள்கள் உள்ளன. இலைக்கு ஒன்பது ஒல்லியான சிற்றிலைகள் (இலையின் விரல் போன்ற பிரிவுகள்) கொண்டதில் ‘சட்டைவா’ என்றும், ஐந்து சிற்றிலைகள் மட்டுமே கொண்டதில் ‘இண்டிகா’ என்றும் ரகப்பெயர் எழுதியிருக்கிறது. இப்படிப் பிரிப்பது சரியா?

மறுமொழி 1:
சிற்றிலைகளின் எண்ணிக்கையை நம்பாதீர்கள். வித்திலைகளுக்குப் பின் வரும் முதல் இலை இணையில் இலைக்கு ஒரு சிற்றிலைதான் இருக்கும். அடுத்து மூன்று, ஐந்து, ஏழு என்று வளர்ந்து, பூக்கும் நுனியை நெருங்கும்போது மீண்டும் மூன்றுக்கும் ஒன்றுக்கும் இறங்கிவிடும். அகலத்தை ஒப்பிடுவதானாலும், நடுத்தண்டின் முதிர்ந்த இலைகளையே ஒப்பிட வேண்டும்.

மறுமொழி 2:
பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. 1785இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லமார்க் இந்தியச் செடிகளைப் பார்த்து ‘இண்டிகா’ என்று பெயரிட்டபோது, அவர் வருணித்தது ஒடுங்கிய சிற்றிலைகளைத்தான். அகன்ற இலையுள்ள ஆப்கானிஸ்தான் செடிகளுக்கு 1974இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஷுல்டஸ் அந்தப் பெயரைப் பயன்படுத்திய பிறகே, ‘இண்டிகா என்றால் அகன்ற இலை’ என்ற வழக்கு பரவியது. தாவரவியலாளர்கள் ஸ்மாலும் கிரான்குவிஸ்டும் 1976இல் எல்லாவற்றையும் ஒரே இனமாகக் கொண்டார்கள். நானும் அதையே ஏற்கிறேன். வணிகப் பெயர்கள் கொண்ட கலப்பு ரகங்களை இலையால் பிரித்தறிய முடியவே முடியாது.

ஆனால், இது கஞ்சாதானா என்பதற்கு இலை நல்ல சாட்சி. புளிச்சகீரை வகையைச் சேர்ந்த கெனாஃப் என்னும் நார்ச்செடியின் இலை பார்வைக்கு இதைப் போலவே இருந்தாலும், அதன் மடல்கள் அடியில் ஒன்றாக இணைந்திருக்கும். கஞ்சாவிலோ ஒவ்வொரு சிற்றிலையும் காம்பு வரை தனித்தே நிற்கும். லென்ஸில் பாருங்கள்: பக்க நரம்பு ஒவ்வொன்றும் விளிம்புப் பல்லின் நுனியில் சென்று முடியும், வழியில் ஒரு சிறு கிளை நரம்பு பிரிந்து பல்லிடுக்கைத் தொடும். மேற்பரப்பில் கரடி நகம்போல் வளைந்த மயிர்களின் அடியில் சுண்ணாம்புத் துகள் இருப்பதால், நீர்த்த அமிலத்துளி பட்டால் நுரைக்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. இன்று மீண்டும் பார்த்தேன். ‘இண்டிகா’ தாளில் இலைகள் மாற்றடுக்கில் (கணுவுக்கு ஒன்றாக) அமைந்து, இலைக்கும் தண்டுக்கும் இடையிலான கோணத்தில் காய்ந்த பூங்கொத்தும் ஒட்டியிருக்கிறது. மற்றதில் இலைகள் எதிரெதிரே இணையாக உள்ளன. சிற்றிலைகளின் அகலத்திலும் பெரிய வேறுபாடில்லை. ஒரே செடியின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியுமாகவே இவை இருக்கக்கூடும். இரண்டு தாள்களுக்கும் ‘கன்னாபிஸ் சட்டைவா’ என்ற பெயரையே எழுதி, இலையடுக்கையும் குறித்துவைக்குமாறு பேராசிரியரிடம் கேட்கப்போகிறேன்.